நேரில் கண்ட கல்யாணம்

பேராச்சி அன்று காலை பல் துலக்கி முடிப்பதற்குள் இருபது படம் எடுத்துவிட்டாள். குழாயில் திரண்டு விழாமல் தொங்கிய தண்ணீரை ஒன்று. கண்ணாடியில் தன் முகத்தை ஐந்தாறு. பக்கத்துத் தொட்டியில் வாய் நிறைய நுரையோடு நின்ற தோழியை ஒன்று. அவளும் பதிலுக்கு இவளை எடுத்தாள். செவ்வாயில் அது வணக்கம் சொல்வது மாதிரி. எடுத்த படத்தை இருவருமே பிறகு பார்க்கப்போவதில்லை. சொன்ன வணக்கத்தை யார் எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்?

படம் எடுக்கக் கை தேவையில்லாமல் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் இமைக்கருவி வைத்துவிடுவார்கள். கருமணிக்குப் பின்னால் கடுகளவு உட்கார்ந்திருக்கும். இமையைக் கொஞ்சம் அழுத்தி மூடினால் படம் விழும். விழுந்த படத்தில் குறை இருந்தால் கருவியே நிரப்பிக்கொள்ளும். அதற்கு ‘விருப்பத் திருத்தம்’ என்று பெயர். உரியவருக்கு என்ன பிடிக்கும் என்று கருவிக்குத் தெரியும். ஆகவே ஒரே பந்தியை எடுத்த பத்துப் பேர் படத்தில் பத்து விதமான இனிப்பு இருக்கும். அவரவர் படத்தில் அவரவர் பிள்ளைதான் அழகு. கண்ணாடியில் எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் தலை நிறைய முடி.

இப்படி ஊரே சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் பேராச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சென்னியப்பன், ஐந்தாம் கவிகையில் மஞ்சள் பயிரிடும் குடும்பத்துப் பையன். கவிகை என்றால் கண்ணாடிக் கூரை. செவ்வாய் மண்ணில் கவிழ்த்து வைத்த பெரிய கிண்ணம். அதற்குள்தான் காற்று, கடை, கோயில், சண்டை எல்லாம். இடம் அருமையாகையால் மணமாகாதவர்களுக்குப் படுக்கைக்கூடம்தான். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. அலமாரித் தட்டுப்போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கைகள். மணமானவர்களுக்கு இணையறை: சொந்தக் கதவு, சொந்தத் தாழ்ப்பாள், முழ நீளத்துக்கு ஒரு சன்னல்.

அந்தச் சமயம் ஒரே ஓர் இணையறை காலியாக இருந்தது. அதில் இருந்த வயதான தம்பதி முழங்கால் வலி என்று பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் கல்யாணத்தைப் பதிவு செய்தால் அறை பேராச்சிக்கு. தவறினால், ஆறாம் கவிகையில் நகம் கடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிற அடுத்த ஜோடிக்கு. அதற்கப்புறம் புதுக் கவிகை கட்டத் தளவாடம் ஏற்றிக்கொண்டு கப்பல் வரவேண்டும். கப்பல் வர இரண்டு வருடம். தாலி கட்டிக்கொண்டு இரண்டு வருடம் அவள் மூன்றாம் கவிகைத் தட்டிலும் அவன் ஐந்தாம் கவிகைத் தட்டிலும் படுத்துக்கொண்டு கூரையைப் படம் எடுக்கவேண்டியதுதான்.

பதிவகம் கேட்பது ஒன்றுதான். தாலி கட்டும் படம். அதில் இரு வீட்டாரிலும் நேரில் கண்ட சாட்சிகள். படம் எண்படமாகவும் இருக்கலாம், சுருள்படமாகவும் இருக்கலாம். சனங்கள் வழக்கப்படி டிஜிட்டல், பிலிம் என்றே சொன்னார்கள். டிஜிட்டல் என்றால் விருந்தாளிகள் எடுத்த அத்தனை படத்தையும் பதிவக எந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒருவர் படத்தில் பெண்ணுக்குப் பச்சைச் சேலை, இன்னொருவர் படத்தில் அரக்கு, அத்தையின் படத்தில் மணப்பெண்ணுக்குப் பதில் அத்தையின் மகள். இதையெல்லாம் கழித்து உண்மையைத் தேற்றி எடுக்க ஒரு பருவம் ஆகும். பிலிம் என்றால் பார்த்த மாத்திரத்தில் முத்திரை. அதில் பிறகு யாரும் கை வைக்க முடியாது என்பதால் எந்திரத்துக்கு அதன்மேல் ஒரு மரியாதை. ஆனால் எதைத் தேர்ந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சொன்னபின் மாற்ற முடியாது.

பேராச்சிக்கு வேண்டியது தாழ்ப்பாள். அவள் பிலிம் என்றாள். அவள் அப்பா ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆவுடையப்பன் மூன்றாம் கவிகையில் காற்று மண்டி வைத்திருந்தார். உருளை உருளையாக ஆக்சிஜன் வாங்கி விற்கிற மொத்த வியாபாரம். மூச்சுத் திணறி வந்தவனையும் உட்காரவைத்துப் பேரம் பேசக்கூடியவர். வாழ்நாளில் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், சும்மா கிடைக்கிற டிஜிட்டலை விட்டுவிட்டு வெள்ளியை உருக்கிச் செய்கிற பிலிமை வாங்கு என்றால் எப்படி இருக்கும்? போதாததற்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை வெளியில் சொல்லவில்லை. முப்பது வருடமாக அவர் தன் உண்மையான தலையைப் பார்த்ததில்லை.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா பாவாத்தாளும் பிலிம்தான் வேண்டும் என்றாள். பேசித் தீர்ப்பதற்காக மண்டிக்கே வந்து, உருளைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“ஏனுங்க சம்பந்தி, எம் மூத்தவன் கல்யாணத்துல டிஜிட்டல்தான வெச்சோம்? அப்பறம் அவனுக்கும் அந்தப் புள்ளைக்கும் ஒத்துவரலீன்னு பஞ்சாயத்தாகிப்போச்சுங்க. அந்தப் புள்ள படத்தை எடுத்துக் காட்டறா. அதுல தாலி கட்டறது எம் பையனே இல்லீங்க. எவனோ கட்டுமஸ்தா மீசை வெச்சவன்!”

“அது அந்தப் பிள்ளைக்கு விருப்பத் திருத்தம் பண்ணியிருக்கும் சம்பந்தியம்மா. நம்ம என்ன செய்ய முடியும்?”

“அதைத்தானுங்க சொல்றன். கட்டினவனையே மாத்திப்போடுற படம் எனக்கு ஆகாதுங்க.”

“இந்தா பாருங்க, சும்மா கிடைக்குதத வேண்டாம்னு சொல்லுதவன் ஒரு யாவாரியா? நானூறு பேரு வாரான். ஆளுக்கு நூறு படம் எடுப்பான். அத்தனையும் விட்டுட்டு ஒருத்தன் எடுக்குத ஒரு படத்த நம்பி உக்காருங்கிய. அதுவும் மூஞ்சி இருக்கபடியே விழுமாம். என்னத்துக்கு? இருக்கபடிய பாக்கத்தான் தெனமும் உயிரோட இருக்கோமே.”

“உங்களுக்கு மொட்டை தெரிஞ்சுபோயிருமுன்னு பயமுங்களா?”

ஆவுடையப்பன் உருளை ஒன்றின் திருகை முறுக்கிச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அவர் மனைவி வடிவும் இந்தப் பேச்சில் இருந்தாள், ஆனால் நிலாவிலிருந்து. மூத்த மகளின் பிரசவத்துக்குப் போனவள் கப்பலைத் தவறவிட்டுவிட்டாள். அவள் குரல் செவ்வாய்க்கு வந்துசேரக் கால் மணி நேரம் ஆகும். இவர்கள் பேசுவது அவளுக்குப் போய்ச்சேர இன்னொரு கால் மணி. ஆகவே அவள் சொல்வதெல்லாம் எப்போதும் முந்தின பேச்சுக்குப் பதிலாகவே வந்தது. குடும்பத்தில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பிலிம் எடுக்கிறவர் ஞானதிரவியம் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குடியிருப்பிலேயே பிலிம் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த நினைப்பு அவர் நிற்கிற தோரணையிலேயே இருந்தது. பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் பிலிம்தான் என்று முடிந்தது. காரணம் பாவாத்தாள் அல்ல. பேராச்சி உள்ளே வந்து, “எப்பா, டிஜிட்டல்னா நான் இன்னும் ரெண்டு வருசம் அந்தத் தட்டுலதான் படுக்கணும். மேல்தட்டுக்காரி தூக்கத்துல கணக்குப் பாடம் சொல்லுதா,” என்றாள். ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். ஆனால் தோற்றாலும் பேரம் பேசாமல் தோற்கக்கூடாது.

“எத்தன படம்?”

“ரெண்டு டசன் வேணுமுங்க,” என்றாள் பாவாத்தாள்.

“ஒரு கழுத்து, ஒரு தாலி. ஒரு படம் போதும்.”

“அண்ணாச்சி, ஒரு படத்துக்காக எல்லாம் நான் பெட்டியத் தூக்க மாட்டேன்,” என்றார் ஞானதிரவியம். “நான் ஒளி பிடிக்கவன். காத்துப் பிடிக்கவன் இல்ல.”

“காத்துப் பிடிக்கவன் இல்லன்னா நீரு இங்க நின்னு பேச முடியாதுவே.”

பத்துக்கு இறங்கியது, இரண்டுக்கு ஏறியது, ஆறில் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் மூன்று படம் என்று முடிவானது. உடனே ஆவுடையப்பன் கையை நீட்டி, “கொசுறு?” என்றார். ஒளி பிடிக்கிறவர் வானத்தைப் பார்த்தார். கவிகைக் கூரைதான் தெரிந்தது. நான்காவதாக ஒன்று கொசுறு. வெள்ளிக்குப் பெண் வீட்டார் குங்குமச் சிமிழையும் மாப்பிள்ளை வீட்டார் விபூதி மடலையும் கொடுப்பது என்று ஒப்புக்கொண்டு, கைகுலுக்கி, எல்லாரும் தேநீரை எடுத்து வாயில் வைத்தபோது சுவரிலிருந்து வடிவின் குரல் வந்தது.

“ஒண்ணுக்கு மேல ஒத்துக்கிடாதிய! அந்த ஆளு முழியே சரியில்ல!”

ஞானதிரவியம் தேநீரைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார். தொழில்காரருக்கு அந்தப் பக்குவம் வேண்டும்.

கல்யாணத்தன்று மூன்றாம் கவிகையின் கூடம் நிறைந்து வழிந்தது. நானூறு பேரும் வந்திருந்தார்கள். நானூறு பேரும் முன்வரிசைக்கு முண்டினார்கள். பிலிம் கல்யாணம் என்ற செய்தி பரவியிருந்ததால் கூட்டத்துக்கு மணமக்களைவிட அந்தப் பெட்டியின்மேல்தான் கண். மூன்று கால் வைத்து, கருப்புத் துணி போர்த்தி, மணவறைக்கு எதிரே அது மாமியார் மாதிரி நின்றது. ஞானதிரவியம் துணிக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். “ஒருத்தரும் அசையப்பிடாது! பிலிம் மன்னிக்காது!” என்று கத்தினார். அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காற்று வியாபாரிக்கு அது நல்ல சகுனமில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. சென்னியப்பன் தாலியை எடுத்துப் பேராச்சியின் கழுத்துக்குக் கொண்டுபோனான். அட்சதை பறந்தது. செவ்வாயில் எடை குறைவாகையால் அரிசி அவசரப்படாமல், ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து இறங்கியது. மஞ்சள் மழை நடுவானில் தங்கியதுபோல இருந்த அந்த நேரத்தில் பெட்டி நான்கு முறை சொடுக்கியது. மூன்றும் கொசுறும். எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. பாவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆவுடையப்பன் தன் தலையைத் தடவிக்கொண்டார். பந்தி நிறைந்தது. அதிரசம் தீர்ந்தது.

மறுநாள் ஞானதிரவியம் மண்டிக்கு வந்தபோது தோரணை இல்லை. காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“அண்ணாச்சி, மொதல்லயே சொல்லிக்கிடுதேன். பிலிம்ல குத்தம் இல்ல.”

“குத்தம் இல்லன்னு சொல்லிக்கிட்டு வாரவன் சரக்க நான் வாங்குனதே இல்ல. காட்டும்.”

மேசையில் நான்கு படத்தையும் வரிசையாக வைத்தார். பேராச்சி, சென்னியப்பன், பாவாத்தாள், ஆவுடையப்பன் நால்வரும் குனிந்தார்கள். முதலில் அவரவர் அவரவரைத் தேடினார்கள். ஆவுடையப்பன் ஒரு வழுக்கைத் தலையைப் பார்த்து, “இவரு யாரு, மாப்பிள்ளை வீட்டு ஆளா?” என்று கேட்டார். அதற்குள் பாவாத்தாளின் முகம் மாறிவிட்டது.

“என்னங்க இது... எல்லாரும் தூங்கறாங்க?”

படம் தெளிவாக இருந்தது. தாலி இருந்தது, கழுத்து இருந்தது, நடுவானில் நின்ற அரிசிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அரிசிக்குப் பின்னால் நானூறு பேர். நானூறு பேரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். முன்வரிசை மூடியிருந்தது, கடைசி வரிசை எட்டி நின்று மூடியிருந்தது. தோளில் தூக்கிவைத்திருந்த பிள்ளைகளும் மூடியிருந்தன. புரோகிதர் மூடியிருந்தார். மாப்பிள்ளையும் மூடியிருந்தான், அவன் விரல்கள் முடிச்சைத் தேடித் தடவிக்கொண்டிருந்தன. நான்கு படத்திலும் இதே கோலம்தான். அந்த ஒரு கணத்தைத் தவறவிடக் கூடாதென்று ஊரே ஒன்றாக இமையை அழுத்தியிருந்தது.

“நீரு பாக்கலையாவே? எதுக்க நின்னுதான எடுத்தீரு?” என்றார் ஆவுடையப்பன்.

ஞானதிரவியம் தரையைப் பார்த்தார். “பிலிம்ல நான் எடுக்குத மொதக் கல்யாணம் அண்ணாச்சி. அது ஞாபகத்துக்கு இருக்கட்டுமேன்னு... நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்.”

பேராச்சி புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்களுமா?”

“அம்மிணி, நம்ம கல்யாணமாச்சே. எடுக்காம இருக்க முடியுமுங்களா?” என்ற சென்னியப்பன் படத்தில் விரலை வைத்தான். “இங்க பாரு, நீயுந்தான்.”

அவள் பார்த்தாள். நாணத்தால் தலை குனிந்த மணப்பெண் என்று நேற்று எல்லாரும் புகழ்ந்த அந்த முகம் கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தது, வேப்பெண்ணெய் குடிக்கப்போகிறவள் மாதிரி.

பாவாத்தாள் விடவில்லை. “கும்புட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிப்போடலாமுங்க. தாலி கட்டறப்ப சாமியை நெனைக்கிறது தப்புங்களா?”

அந்த நம்பிக்கையோடு நால்வரும் பதிவகத்துக்குப் போனார்கள். பதிவர் ஓர் எந்திரம். குட்டையாக, சாம்பல் நிறத்தில், நெற்றியில் ஒரு விளக்கோடு இருக்கும். சனங்கள் அதற்கு மெய்யப்பன் என்று பேர் வைத்திருந்தார்கள். எந்திரத்துக்கு அது தெரியும், ஆட்சேபிக்கவில்லை. படத்தை வாங்கி விளக்கின் கீழ் வைத்தது. உடனே திருப்பித் தந்தது.

“தாலி காணப்படுகிறது. சாட்சிகள் காணப்படவில்லை.”

“இதென்னங்க, நானூறு பேரு இருக்காங்களே!” என்றாள் பாவாத்தாள்.

“இருக்கிறார்கள். காணவில்லை. சட்டம் நேரில் கண்ட சாட்சியைக் கேட்கிறது. கண் மூடியவர் எதையும் கண்டவர் ஆகார்.”

“கண்ணை மூடுனாத்தான ஐயா படம் விழும்?” என்றார் ஆவுடையப்பன். “எங்க எல்லார்கிட்டயும் படம் இருக்கு. எம் படத்துல எல்லாரும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“மூடியிருந்த நேரத்தில் நடந்ததைக் கருவி ஊகித்து நிரப்பும். உங்களிடம் இருப்பவை நானூறு ஊகங்கள். மேலும் நீங்கள் தேர்ந்தது சுருள்படம். மாற்ற இயலாது.”

“நாங்க சொல்லுதோம் ஐயா, கல்யாணம் நடந்துச்சு. தாலி இந்தா கழுத்துல கெடக்கு.”

“வாய்மொழி ஏற்கப்படாது,” என்றது மெய்யப்பன். “மாத முடிவுக்குள் கண்ட சாட்சியோடு வாருங்கள். இல்லையேல் அறை வரிசையில் அடுத்தவருக்குச் செல்லும்.”

வெளியே வந்து நின்றார்கள். ஆறாம் கவிகை ஜோடி எதேச்சையாக அந்தப் பக்கம் நடந்துபோனது. அவர்கள் தினமும் எதேச்சையாக அந்தப் பக்கம் நடப்பவர்கள். அறைக்கு என்ன திரைச்சீலை போடலாம் என்று உரக்கப் பேசிக்கொண்டே போனார்கள்.

“மறுபடி கட்டிப்போடலாமுங்க,” என்றாள் பாவாத்தாள்.

“கட்டின தாலிய அவுத்துக் கட்டுததா? எங்க வழக்கத்துல அது செத்த வீட்டுக்குச் சமானம்,” என்றார் ஆவுடையப்பன். “அப்படியே கட்டுனாலும் இந்தச் சனம் திரும்பவும் மூடாதுன்னு என்ன நிச்சயம்? நல்லது ஒண்ணு நடந்தா நம்மாளுக்கு இமை தானா இறங்கிருதே. எனக்கே நிச்சயமில்ல.”

சென்னியப்பனின் கை பேராச்சியின் கையைப் பிடித்திருந்தது. சாயங்கால மணி அடித்தால் விட்டுவிட்டு ஐந்தாம் கவிகை வண்டியைப் பிடிக்க வேண்டும். கல்யாணமான இரண்டாம் நாளே மாப்பிள்ளை கடைசி வண்டிக்கு ஓடுவதைப் படுக்கைக்கூடம் முழுவதும் சன்னலில் நின்று எடுக்கும்.

பேராச்சி யோசித்தாள். மண்டியில் அவள் வேலை மாதிரிக் குடுவை தயாரிப்பது. வாங்க வருகிறவனுக்கு உருளையைத் திறந்து காட்ட முடியாது. திறந்தால் காற்று போய்விடும். அதனால் சின்னக் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து, துடைத்து, மூடி போட்டு முன்னால் வைப்பாள். வந்தவன் குடுவையை முகர்ந்து பார்த்துவிட்டு உருளையை வாங்கிக்கொண்டு போவான்.

“எப்பா,” என்றாள். “மண்டியில நம்ம சரக்கையா காட்டுதோம்? மாதிரியத்தான காட்டுதோம்?”

“ஆமா. அதுக்கென்ன இப்பம்?”

“தாலி கழுத்துலயே கெடக்கட்டும். அவுக்க வேண்டாம். அவரு முடிச்சு மேல கைய வச்சுக்கிட்டு, கட்டுத மாதிரி நிக்கட்டும். எல்லாரும் பாக்குத மாதிரி நிக்கட்டும். ஞானதிரவியம் மாமா எடுக்கட்டும்.”

“மாதிரிக் கல்யாணமா?” சென்னியப்பனின் காது சிவந்தது. “அது பொய்யில்லீங்களா அம்மிணி?”

“நேத்துக் கட்டுனது நெசந்தான? அதுக்கு மாதிரி இது. நல்ல சரக்குக்கு மாதிரி காட்டுனா அது பொய்யா?”

ஆவுடையப்பன் மகளைப் பார்த்தார். முப்பது வருட மண்டியில் யாரும் அவரிடம் இவ்வளவு சுத்தமாக ஒரு சரக்கை விற்றதில்லை. வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தைப் புதுப் படத்துக்கு உருக்கக் கொடுத்தார். கொசுறுகூடக் கேட்கவில்லை.

அன்றைக்கே விருந்தாளிகளைத் திரும்பத் திரட்டுவதுதான் பாடாக இருந்தது. சாப்பிட்டு முடித்த கல்யாணத்துக்கு எவன் திரும்பி வருவான்? இன்னொரு பந்தி உண்டு என்று சொன்ன பிறகு வந்தார்கள். அதே கூடம், அதே இடம், அதே சேலை. நேற்றைய மாலை வாடியிருந்ததால் காகித மாலை. மேளம் இல்லை, மேளக்காரர் மேள எந்திரத்தைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அட்சதைக்குப் பதில் பந்திக்குக் களைந்து வைத்த அரிசியில் ஒரு கை. சென்னியப்பன் முடிச்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு, திருடப்போய் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

ஆவுடையப்பன் ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கும்பிட்டார். “தயவு பண்ணி யாரும் இமையை அழுத்திராதிய. ஒரு சொடுக்குதான். புண்ணியமாப் போவும்.”

முன்வரிசையில் ஓர் அத்தை முகத்தைச் சுளித்தாள். “நல்ல கதையா இருக்கே. இதப் போயி எவ எடுப்பா? நெசக் கல்யாணத்தத்தான் நேத்தே எடுத்தாச்சே.”

அவள் சொன்னது கூடம் முழுவதற்கும் பொருந்தியது. பொய்யாக நிற்கிற ஒன்றைப் படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால், வேறு வேலை இல்லாமல், நானூறு பேரும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் நகக்கண்ணில் மஞ்சள் கறை இருப்பதைப் பார்த்தார்கள். பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தார்கள். அவள் கழுத்தோரம் ஒரு மச்சம் இருப்பதை அவளைத் தூக்கி வளர்த்த சித்திகள் அன்றுதான் பார்த்தார்கள். எல்லாருடைய படத்திலும் கருவி அதைத் துடைத்துவிட்டிருந்தது. பாவாத்தாள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் எப்போது இவ்வளவு உயரமானான் என்று அவளுக்கு நெஞ்சை அடைத்தது. நேற்று அடைக்கவில்லை. பெட்டி சொடுக்கியது.

எல்லாரும் கைகழுவிப் பந்தியில் உட்கார்ந்த பிறகு சுவரிலிருந்து வடிவின் குரல் வந்தது. “இப்பம் எதுக்கு மறுபடியும் கட்டுதாக? மொதல்ல கட்டுனதுக்கு என்ன வந்துச்சு?”

“சாப்பிட்டுட்டுச் சொல்லுதேன்டி,” என்றார் ஆவுடையப்பன். அது அவளுக்குப் போய்ச்சேரும்போது அவர் சாப்பிட்டே முடித்திருப்பார்.

அடுத்த நாள் மெய்யப்பன் அந்தப் படத்தை விளக்கின் கீழ் வைத்தது. இந்த முறை உடனே திருப்பித் தரவில்லை. நெற்றி விளக்கைக் கூட்டியது. படத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தது. சன்னலுக்கு வெளியே ஆறாம் கவிகை ஜோடி எதேச்சையாக நின்றிருந்தது.

“இதில் ஒருவர்கூடக் கண் மூடவில்லை,” என்றது எந்திரம். “பெரும்பாலோர் மணமகளைப் பார்க்கிறார்கள். சிலர் கண் கலங்கியிருக்கிறார்கள். இந்தப் பதிவகம் தொடங்கியதிலிருந்து இத்தனை பேர் கவனமாகக் கண்ட திருமணம் வேறொன்று என்னிடம் வந்ததில்லை. வாழ்த்துகள்.”

முத்திரை விழுந்தது. சென்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. மஞ்சள் பயிரிடும் குடும்பம். பயிருக்கு முன்னால்கூடப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிப்போடறனுங்க. அது கல்யாணம் இல்லீங்க. கல்யாணம் அதுக்கு முந்தின...”

பேராச்சி அவன் காலை மிதித்தாள். அதற்கு அவசியமே இருக்கவில்லை.

“வாய்மொழி ஏற்கப்படாது,” என்றது மெய்யப்பன். “சுருள்படம் பொய் சொல்லாது.” அறைச் சாவியை அவன் கையில் வைத்தது.

செய்தி பரவ நேரமாகவில்லை. அடுத்து வந்த கல்யாணங்களில் எல்லாரும் பிலிம்தான் கேட்டார்கள். அழைப்பிதழில் இரண்டு முகூர்த்தம் அச்சாக ஆரம்பித்தது: ஒன்று தாலிக்கு, ஒன்று படத்துக்கு. விவரம் தெரிந்த விருந்தாளிகள் இரண்டாவதற்கு மட்டும் வந்தார்கள். பந்தியும் அதற்குப் பிறகுதான். ஞானதிரவியம் மணமக்களுக்கு எங்கே அழ வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வரவர மேளக்காரரும் முதல் முகூர்த்தத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பாவாத்தாளின் கடைசிப் பையன் கல்யாணத்தில் இரண்டாம் முகூர்த்தம் ஜம்மென்று நடந்தது. ஆறாம் கவிகை வரைக்கும் கூட்டம். எல்லாரும் இலையில் கை வைத்த பிறகுதான் புரோகிதர் நெற்றியில் அடித்துக்கொண்டு ஆவுடையப்பனின் காதருகே குனிந்தார். முதல் முகூர்த்தத்தை வைக்கவே மறந்துபோயிற்றாம்.

“சத்தம் போடாதியும்,” என்றார் ஆவுடையப்பன், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. “படம் நல்லா வந்திருக்கா?”

படம் மிக நன்றாக வந்திருந்தது.